உள்ளே இருக்கும் கணினிக்குப் பூட்டுத் தெரியுமா?

2014 ஏப்ரலில் கனடா வருமானத்துறையின் இணையச் சேவையிலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சின் இலக்கங்கள் ஆறு மணி நேரத்துக்குள் திருடப்பட்டன. காரணம் ஹார்ட்பிளீட் என்ற மென்பொருட் பிழை. சேர்வரின் நினைவகத்தில் அந்த நேரம் கிடந்த தகவல்தான் கசிந்தது.

2018 ஜனவரி 3ஆம் திகதி வெளிவந்த மெல்ற்டவுன், ஸ்பெக்ரர் ஆகிய பிழைகளும் நினைவகத்தைக் கசியவிடுபவையே. ஆனால் இவை மென்பொருளில் அல்ல, புரோசசரிலேயே இருந்தன. வேகத்துக்காகப் புரோசசர் அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்துவிடும். ஊகம் பிழைத்தால் விடையை எறிந்துவிடும். தடயம் மட்டும் உள்ளே தங்கிவிடும். அந்தத் தடயத்தை வைத்து, ஒரு மென்பொருள் தனக்கு உரிமையில்லாத தகவலை அறியலாம். அது இலகுவான வேலையல்ல, ஆனால் முடியாததும் அல்ல. இதைத் தடுக்கப் புரோசசர் நிறுவனங்கள் புதிய பாதுகாப்புக் கட்டளைகளைச் சேர்த்தன.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்களின் கடைகள், கணக்காளர் அலுவலகங்கள் பலவற்றின் கணக்குகள் இன்று எங்கோ ஒரு சேர்வரில் இருக்கின்றன. பெரும்பாலும் அது தனிக் கணினி அல்ல. ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் பிரித்து உருவாக்கிய மெய்நிகர் கணினி. அந்தக் கோப்புகளில் சின் இலக்கம் மட்டுமல்ல, ஊரில் இருக்கும் உறவுகளின் பெயர்களும் அவர்களுக்கு அனுப்பிய பணத்தின் விபரங்களும் இருக்கலாம்.

மெய்நிகர் கணினி புரோசசரை நேரடியாகப் பார்ப்பதில்லை. வெளியே உள்ள இயந்திரம் காட்டும் வசதிப் பட்டியலைத்தான் பார்க்கிறது. தலைமை அலுவலகம் புதிய பெட்டகம் வாங்கியும், கிளையின் சொத்துப் பதிவேட்டில் பதியாவிட்டால் கிளையில் எவரும் அதைப் பாவிக்கமாட்டார்கள். இதுவும் அப்படித்தான். பழைய புரோசசர் மாதிரியைத் தெரிவுசெய்து உருவாக்கிய மெய்நிகர் கணினிக்குப் புதிய கட்டளைகள் தெரியாது. உள்ளேயுள்ள விண்டோஸை எத்தனை முறை புதுப்பித்தாலும், காட்டப்படாத கட்டளையை அது பாவிக்காது.

செய்யவேண்டியவை ஒழுங்காக இவைதான்:

1. வெளி இயந்திரத்தின் பயோஸ், மைக்ரோகோட், இயங்குதளம் ஆகியவற்றைப் புதுப்பிக்கவேண்டும்.

2. மெய்நிகர் கணினியின் அமைப்பில் புதிய கட்டளைகளைக் காட்டவேண்டும். இன்ரெல் புரோசசர் என்றால், கேவிஎம் முறையில் 2018இல் வந்த ஸ்பெக்-கன்ட்ரோல், எஸ்எஸ்பிடி, 2019இல் வந்த எம்டி-கிளியர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பிசிஐடி என்பதையும் சேர்த்தால் மெல்ற்டவுன் திருத்தத்தால் வரும் வேகக் குறைவு தணியும். ஹோஸ்ட் என்ற தெரிவு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காட்டும். ஆனால் வேறுவகைப் புரோசசர் உள்ள இயந்திரத்துக்கு ஓடும்போதே மாற்றுவது கடினமாகும். விஎம்வெயாரில் மெய்நிகர் வன்பொருள் பதிப்பு 9 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

3. மெய்நிகர் கணினியை முழுதாக நிறுத்தி, மறுபடி தொடக்கவேண்டும். உள்ளிருந்து கொடுக்கும் ரீஸ்டார்ட் போதாது.

4. பின்னர் உள்ளேயுள்ள இயங்குதளத்தையும் புதுப்பிக்கவேண்டும்.

5. கடைசியாகச் சரிபார்க்கவேண்டும். விண்டோஸில் மைக்ரோசொப்ற் தரும் ஸ்பெக்குலேஷன் கன்ட்ரோல் சோதனை உண்டு. அதில் வன்பொருள் ஆதரவு இல்லை என்று வந்தால், இரண்டாம் படி விடுபட்டிருக்கலாம். லினக்ஸில் எல்எஸ்சிபியூ கட்டளை ஒவ்வொரு பிழைக்கும் நிலையைச் சொல்லும்.

பெரிய மேகச் சேவைகளில் வெளி இயந்திரத்தை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். உள்ளேயுள்ள இயங்குதளம் பெரும்பாலும் எங்கள் பொறுப்பு. சொந்த சேர்வர், அல்லது சிறு நிறுவனமொன்றின் சேவை என்றால் எல்லாப் படிகளையும் நாங்களே கேட்டறியவேண்டும்.

2018 நவம்பர் 1 முதல், பாரதூரமான தீங்கு ஏற்படக்கூடிய தகவல் கசிவைத் தனியுரிமை ஆணையாளருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பது வணிகத்தின் சட்டக் கடமை. ஆகவே உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம், "அப்டேற் போட்டாச்சா?" என்பதோடு நிற்காதீர்கள். "உள்ளேயிருந்து பார்த்த சோதனை முடிவைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கணக்கில் பற்றுச்சீட்டு இல்லாமல் செலவை ஏற்கமாட்டோம்தானே.