உங்களுக்குத் தெரியுமா? குதிரை மசாலுக்குச் சுண்ணாம்பு ஏன்?

அமில மண்ணில் விதைத்தாலும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிர் முளைக்கும், தழைக்காது. மண்ணின் பி.எச். அளவு சுமார் 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்கும். வேர்முடிச்சில் தங்கிக் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவோ செடிக்கும் முன்பே நலிந்துவிடும். இலை வெளிறும். சுண்ணாம்புத்தூள் இட்டு பி.எச். அளவை 6.5 வரை உயர்த்தினால் இரண்டு தொல்லையும் தீரும். தூள் மெதுவாகவே கரையும். விதைப்புக்குச் சில மாதங்கள் முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

சுண்ணாம்பு சத்தமில்லாமல் செய்யும் இன்னொரு வேலைதான் சுவாரசியம். அமில மண் இறுகப் பிடித்திருக்கும் மாலிப்டினத்தை அது விடுவிக்கிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி இந்தத் தாது இல்லாமல் இயங்காது. 1942-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில், நோஞ்சானாகக் கிடந்த குளோவர் (பயறுவகைத் தீவனச் செடி) மேய்ச்சல் நிலம் மிகச் சிறிதளவு மாலிப்டினத்திலேயே தழைப்பதை ஏ.ஜே. ஆண்டர்சன் காட்டினார். டன் கணக்கில் சுண்ணாம்பு கேட்ட சில நிலங்களுக்குக் கிராம் கணக்கில் மாலிப்டினம் போதுமானதாக இருந்தது! ஆனால் அலுமினிய நஞ்சு ஏறிய மண்ணில் இந்தச் சிக்கனம் பலிக்காது.

இன்னொரு தீவனப் பயிரான முயல் மசாலுக்கு இந்தக் கவலையெல்லாம் குறைவு. தென் அமெரிக்காவின் வளம் குன்றிய அமில மண்ணில் பழகிய செடி அது.