‘செத்த காலேஜ்’ போகலாமா? காத்திவாக்கத்துக்கும் எழும்பூர் நடராஜருக்கும் ஒரு நெருப்புச் சொந்தம்!

வடசென்னைத் தாத்தா, பாட்டிகளிடம் ‘செத்த காலேஜ்’ என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று சிரித்துவிடுவார்கள். எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அந்தக் கால மெட்ராஸ் மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. பாடம் செய்த விலங்குகள் இருப்பது ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’.

அதில் ‘காலேஜ்’ எங்கிருந்து வந்தது? 1851-ல் இந்த அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். 1854-ல் எழும்பூருக்கு மாறியது. இடம் மாறினாலும் காலேஜ் என்ற பெயர் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளையும் அதே வளாகத்தில் வைத்து மக்களுக்குக் காட்டியவர் அவர். இன்றைய வண்டலூர் பூங்காவுக்கு விதை போட்டது அந்த முயற்சிதான்.

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வசிப்பவர்களில் பலர் ஸ்கூல் டூரில் ஒருமுறை இங்கே போயிருப்பார்கள். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, புளிசாதம் சாப்பிட்டு, பஸ் ஏறியிருப்பார்கள். சிலைகள் இருக்கும் கூடத்தை வரிசையில் நடந்தே கடந்திருப்பார்கள். “அதெல்லாம் படிச்சவங்க பார்க்கிற இடம்” என்ற எண்ணம் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆனால், அந்த வெண்கலச் சிலைகளைப் புரிந்துகொள்ளக் கலைப் படிப்பு தேவையில்லை. பவுண்டரியில் ஒரு ஷிப்ட் வேலை பார்த்திருந்தாலே போதும்!

அது வார்ப்பு வேலை!

எண்ணூர் வட்டாரத்துக்கு வார்ப்பு வேலை புதிதில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய இன்றைய அசோக் லேலண்டின் முதல் தொழிற்சாலை எண்ணூரில்தான் வந்தது. இன்ஜின் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் பவுண்டரிகளும் கூடவே வந்தன. மோல்டு கட்டுவது, உருகிய உலோகத்தை ஊற்றுவது, ஆறிய பிறகு உடைத்து எடுப்பது... இதில் கை வைத்த தாத்தாவோ, அப்பாவோ, மாமாவோ இல்லாத தெரு இந்தப் பகுதியில் குறைவு.

சோழர் காலச் சிலை செய்தவர்களும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்தார்கள். முதலில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து, சிலையை மெழுகிலேயே முழுதாகச் செய்வார்கள். விரல் நகம் வரை, இடுப்பு மணி வரை எல்லாமே மெழுகில் வந்துவிடும். அதன்மேல் நைசான வண்டல் மண்ணைப் படலம் படலமாகப் பூசிக் காயவைப்பார்கள். கம்பி கட்டி இறுக்குவார்கள். பிறகு நெருப்பில் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம் இருக்கும். செம்பு பெரும்பங்காக உள்ள உலோகக் கலவையை உருக்கி அதில் ஊற்றுவார்கள்.

ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சும் போச்சு, மெழுகும் போச்சு. அதனால் அதே சிலையை அச்சு அசலாக இரண்டாவது முறை வார்க்க முடியாது. காற்று வெளியேற வழி விடாவிட்டாலோ, ஊற்றுவது நடுவில் நின்றுவிட்டாலோ மொத்த உழைப்பும் வீண். இந்தப் பதற்றம் பவுண்டரிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். இன்று தொழிற்சாலைகளில் நுணுக்கமான பாகங்கள் செய்யும் ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’கும் இதே மெழுகுத் தத்துவம்தான்.

பக்கத்து ஊர் நடராஜர்

இந்தக் கூடத்தில் அவசரப்படாமல் நிற்கவேண்டிய இடம், திருவாலங்காடு நடராஜர். தொலைதூரத்துச் சாமி இல்லை இவர். திருவாலங்காடு இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும் வரை காத்திவாக்கமும் அதே மாவட்டம்தான்!

சுற்றி எரியும் திருவாசி இந்தச் சிலைக்கு இல்லை. காற்றில் பறக்கும் விரிசடையும் இல்லை. இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை. முழு எடையும் ஊன்றிய ஒரே காலில் இருக்கிறது. தூக்கிய கால் குறுக்கே வருகிறது, கைகள் அதை ஈடுகட்டுகின்றன. இத்தனை கனமான உலோகம் சாயாமல் நிற்க எங்கே எவ்வளவு எடை வேண்டும் என்று அந்தக் கைவினைஞர் மெழுகிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்.

பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியக நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே வியந்து எழுதினார். அவர் மறைந்த பிறகு, 1921-ல் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அவருக்குக் கிடைத்தது போட்டோ மட்டும்தான். நமக்கோ ரயிலேறினால் நேரிலேயே பார்க்கலாம்.

அப்படியே திருவெண்காடு அர்த்தநாரீசுவரரையும் பாருங்கள். ஒரே உடலில் வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். தோள், இடுப்பு, ஆடை, கைகளின் எண்ணிக்கை... எங்கே எது மாறுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அது அவர்களுக்கு நல்ல விளையாட்டு.

உப்பு என்ற எதிரி

கோயிலில் இருக்க வேண்டியவை ஏன் இங்கே இருக்கின்றன என்ற கேள்வி வரும். இங்குள்ள பல சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. ஆபத்துக் காலங்களில் புதைத்துக் காப்பாற்றப்பட்டவை அவற்றில் உண்டு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, இப்படிக் கிடைப்பதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சிலையோ, பழங்காசோ கிடைத்தால் இன்றும் தாசில்தாரிடமோ கலெக்டரிடமோ சொல்லத்தான் வேண்டும்.

மண்ணிலிருந்து எடுத்தாலும் பிரச்னை தீர்வதில்லை. உலோகத்தில் ஊறிய உப்பு, ஈரக்காற்று பட்டதும் பச்சைப் பொடியாகக் கிளம்பி சிலையை அரிக்கத் தொடங்கும். எண்ணூர்க் கடற்கரைக் காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிளும் என்ன ஆகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த அரிப்பிலிருந்து சிலைகளைக் காப்பாற்றத்தான் 1930-ல் இங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது.

பெயர் இல்லாத கைகள்

சிலைகளுக்குக் கீழே இருக்கும் குறிப்புகளில் ஊர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும். செய்தவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. நெருப்பின் முன் நின்றவர் யார் என்பதை வரலாறு பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை.

விதிவிலக்கு ஒன்று காத்திவாக்கத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் கருங்கல் விமானம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் எழுந்தது. அதைக் கட்டியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு தொழிலாளியின் பெயர் கல்லில் நிற்கிறது!

வீட்டில் பவுண்டரியிலோ, லேத்திலோ, வெல்டிங்கிலோ வேலை பார்த்து ரிட்டயர்டான பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். இந்தக் கூடத்தில் அவரைவிட நல்ல கைடு கிடைக்கமாட்டார். “இது எப்படி ஊத்தியிருப்பாங்க தாத்தா?” என்று பேரன் ஒரு கேள்வி கேட்டால் போதும். இத்தனை வருடம் வீட்டில் யாரும் கேட்காத அவருடைய வேலையைப் பற்றி அவர் பேசத் தொடங்குவார்.

எப்படிப் போவது?

* காத்திவாக்கம் ஸ்டேஷனில் சென்ட்ரல் போகும் மின்சார ரயில் ஏறலாம். அங்கிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே ஸ்டாப். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவிலேயே வந்து, சென்ட்ரலில் மாறியும் போகலாம்.

* வெள்ளிக்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

* பராமரிப்புக்காகச் சில கூடங்கள் மூடியிருக்கலாம். டிக்கெட் வாங்கும்போதே வெண்கலக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். முதலில் வெண்கலக் கூடம், பிறகு அமராவதி பளிங்குச் சிற்பங்கள். திமிங்கிலத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டால், பிள்ளைகள் அதுவரை சளைக்காமல் வருவார்கள்.