நாள் குறித்தால் நாடகம் பிறக்கும்!

காப்புக் கட்டியாகிவிட்டது. இனிக் கூத்து நிற்குமா? நிற்காது!

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து ஆடுவார்கள். இன்றைக்கு வில் வளைப்பு, நாளைக்குத் துகில் உரிதல், கடைசியில் படுகளம், தீமிதி என்று வரிசை உண்டு. வாத்தியாருக்குத் தலைவலியா? வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டதா? ஆனாலும் அன்றைய கூத்து அன்றைக்கே நடக்கும். நாள் குறித்தாகிவிட்டது. ஊர் ஜனங்கள் பாய் விரித்துக் காத்திருக்கிறார்கள்!

ஆனால், நாடகம் எழுதுகிறவர் நிலைமை வேறு. அவர் தனி ஆள். உற்சாகமாக இரண்டு காட்சி எழுதுவார். பிறகு அறுவடை வரும். வீட்டில் கல்யாணம் வரும். நோட்டுப் புத்தகம் பரண்மேல் ஏறிவிடும். எத்தனையோ நல்ல நாடகங்கள் இப்படிப் பாதியிலேயே மடிந்துபோகின்றன.

இதற்கு மருந்து என்ன? நாலு பேர் கூடி நாள் குறிப்பதுதான்!

18 வயது வாலிபர்

1891-ம் ஆண்டில் சென்னையில் சில நண்பர்கள் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் அவர் வக்கீல் ஆனார், நீதிபதியும் ஆனார். வேலைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் 90-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்!

எப்படி முடிந்தது? சபை இருந்தது. சபையில் நடிகர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆடுவதற்குப் புது நாடகம் வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுபவரிடம் "எங்கே நாடகம்?" என்று யாரும் கேட்பதில்லை. சபைக்காரரைக் கேட்பதற்கோ ஒரு கூட்டமே உண்டு. சிவாஜி கணேசன் நடித்து 1954-ல் படமாக வந்த 'மனோகரா', சம்பந்த முதலியாரின் நாடகம்தான்.

ஒரே இரவில்!

சங்கரதாஸ் சுவாமிகளின் கதை இன்னும் வியப்பானது. மதுரையில் 1918-ல் அவர் சிறுவர்களைச் சேர்த்து நாடகசபை நடத்தினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே அவரிடம் பாடம் கற்றவர்கள். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் வியந்து சொல்லும் செய்தி. புலமை இருந்தது; சரிதான். ஆனால் பாடம் கேட்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது!

வெளிநாட்டிலும் இதே கதை

பழைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில், வசந்த காலத் திருவிழாவில் நாடகப் போட்டி நடக்கும். சோகநாடகப் பிரிவில் மூன்று புலவர்கள் மோதுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று சோகநாடகமும் ஒரு கேலி நாடகமும் கொண்டுவரவேண்டும். சோபோகிளிஸ் என்ற புலவர் 120-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ஆண்டுதோறும் தவறாமல் வந்த திருவிழாவுக்கு அதில் பங்கு உண்டு.

அமெரிக்காவில் சூசன்-லோரி பார்க்ஸ் என்ற அம்மையார் இருக்கிறார். 2002 நவம்பரில், 'ஓர் ஆண்டுக்குத் தினம் ஒரு நாடகம்' என்று சபதம் எடுத்தார். எழுதியும் காட்டினார்! பிறகு நியூயார்க் நாடக அரங்கு ஒன்றில் பொதுமக்களோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம். முதலில் எல்லோரும் பேசாமல் எழுதவேண்டும். பிறகு அவரவர் சந்தேகத்தைக் கேட்கலாம். கூட்டமாக உட்கார்ந்தால் சோம்பலுக்கு இடமில்லை அல்லவா?

உங்கள் ஊரில் செய்யலாமே!

இதற்குப் பணம் தேவையில்லை. எழுத ஆசை உள்ள நாலு பேர் போதும். பள்ளித் திண்ணையோ கோவில் மண்டபமோ போதும். வாரம் ஒரு மாலை கூடவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு காட்சியாவது எழுதிவந்து உரக்கப் படிக்கவேண்டும். முழு எழுத்துக் கூட்டத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். வெறுங்கையோடு வந்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும்!

ஒன்று மட்டும் கவனம். படித்துக் காட்டியவரை யாரும் கேலி செய்யக்கூடாது. குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லவேண்டும். அவமானப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார். அவர் நாடகமும் வராது.

அரங்கேற்றத்துக்கும் இப்போதே நாள் குறித்துவிடுங்கள். பள்ளி ஆண்டுவிழாவாக இருக்கலாம். பொங்கல் விழாவாக இருக்கலாம். ஊருக்குச் சொல்லிவிட்ட பிறகு பின்வாங்க முடியாது.

பரண்மேல் இருக்கிற நோட்டுப் புத்தகத்தை இன்றைக்கே கீழே இறக்குங்கள்!