ஒலுவிலில் முகாமைத்துவம் படித்தால் நிதித்துறையில் என்ன வேலை?

உயர்தர வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில், வர்த்தகப் பிரிவில் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். ஜயவர்தனபுரவோ கொழும்போ கிடைக்கவில்லை, தென்கிழக்குப் பல்கலைக்கழகம்தான் கிடைத்திருக்கிறது, போகலாமா? போய்ப் படித்தாலும் கடைசியில் வங்கி வேலைதானே, அது ஆகுமா? ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான். ஆனால் முதல் கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால், இரண்டாவதின் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமானது ஒலுவில். அதன் முகாமைத்துவ வர்த்தக பீடத்தில் கணக்கியல், நிதி ஆகியவற்றைச் சிறப்பாகக் கற்கலாம். அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்கைக் கட்டணம் இல்லை. கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்குப் பிள்ளை பக்கத்தில் இருப்பதும் ஒரு நிம்மதிதான்.

குறை எங்கே என்றால், தூரத்தில். பெரிய கணக்காய்வு நிறுவனங்களும், வங்கிகளின் தலைமையகங்களும், பங்குச் சந்தையும் கொழும்பில் இருக்கின்றன. ஒலுவிலுக்கும் கொழும்புக்கும் இடையே ஓர் இரவு பஸ் பயணம். கொழும்பு மாணவன் காலையில் விரிவுரை கேட்டு, மாலையில் தொழில்சார் வகுப்புக்கோ பயிற்சிக்கோ போகிறான். ஒலுவில் மாணவன் நான்காம் வருடம் முடித்துத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். பட்டம் இருவருக்கும் பட்டம்தான். ஆனால் நேர்முகப் பரீட்சையில் ஒருவனிடம் அனுபவமும் இருக்கிறது.

ஆகவே பட்டத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. முதல் வருடத்திலேயே தொழில்சார் தகைமை ஒன்றில் பதிந்துகொள்ள வேண்டும். 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகள், சிமா, ஏ.சி.சி.ஏ, ஆரம்பநிலைக்கு ஏ.ஏ.டி என்று பல வழிகள் உள்ளன. படித்த பாடங்களைப் பொறுத்துச் சில பரீட்சைகளிலிருந்து விலக்கும் கிடைக்கும். பட்டயக் கணக்காளராவதற்குப் பரீட்சையோடு செயன்முறைப் பயிற்சியும் கட்டாயம். அந்தப் பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு குறைவு என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. "பட்டம் முடித்தும் சம்பளம் இல்லையா" என்று அவசரப்பட்டு, மகனைப் பாதியிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் நம்மில் உண்டு.

வெளிநாடு என்றாலும் நிலைமை மாறியிருக்கிறது. 2018 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் 5 சதவீதப் பெறுமதி சேர் வரியைக் கொண்டுவந்தன. சவூதி 2020 இல் அதை 15 ஆக்கியது. அமீரகத்தில் 2023 ஜூனிலிருந்து கம்பனி வரியும் வந்துவிட்டது. வரி வந்தால் ஒழுங்கான கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆள் வேண்டும். கடைகளில் விற்பனையாளராகவே நம் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த நாடுகளில், வரிக் கணக்குத் தெரிந்தவருக்கு இன்று தனி இடம் உண்டு.

இனி இரண்டாவது கேள்வி. நிதித்துறை என்றால் வங்கி என்று நினைப்பதே தவறு. தேசிய கணக்காய்வு அலுவலகம், உள்நாட்டு இறைவரித் திணைக்களம், போட்டிப் பரீட்சை மூலம் சேரும் இலங்கைக் கணக்காளர் சேவை, வைத்தியசாலைகள், ஆடைத் தொழிற்சாலைகள், இறக்குமதிக் கம்பனிகள், வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளை இங்கிருந்தே எழுதிக் கொடுக்கும் கொழும்பு நிறுவனங்கள் என எல்லா இடத்திலும் கணக்காளர் தேவைப்படுகிறார். வட்டியை எழுதுபவரையும் எச்சரிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை மறைக்க முடியாது. வட்டிக் கடன் ஒப்பந்தம் எழுதும் பணியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வட்டி வங்கியில் வட்டியோடு நேரடித் தொடர்பில்லாத பணிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழில் விபரத்தை முழுமையாகச் சொல்லி ஃபத்வா கேளுங்கள். "வங்கியில் வேலை" என்று ஒரு சொல்லில் கேட்டால் சரியான பதில் வராது. அதேநேரம், குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நமக்கே உரிய ஒரு வெற்றிடமும் இருக்கிறது. 2005 வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இஸ்லாமிய வங்கி முறைக்கு இங்கு வழி திறந்தது. 2011 இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. கொமர்ஷல் வங்கி, ஹட்டன் நெஷனல் வங்கி போன்றவை தனிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. அங்கே முராபஹா முறையில் ஒரு முச்சக்கர வண்டி விற்கப்படுகிறது என்று வையுங்கள். வங்கி முதலில் அதைத் தன் உடைமையாக்கியதா, அதன் பின்தான் வாடிக்கையாளருக்கு விற்றதா, தவணை பிந்தியதற்காக வாங்கிய தொகை வருமானத்தில் சேர்ந்ததா, தர்மத்துக்குப் போனதா என்று ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். மத்ரஸாவில் ஓதியவருக்கு வியாபாரச் சட்டங்கள் தெரியும், ஐந்தொகை வாசிக்கத் தெரியாது. வர்த்தகப் பட்டதாரி இதற்கு நேர்மாறு. இரண்டும் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி என்ற அமைப்பு ஷரீஆ ஆலோசகர், கணக்காய்வாளர்களுக்கான சான்றிதழ் பரீட்சையை நடத்துகிறது. ஒலுவில் வளாகத்திலேயே இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிப் பீடமும் இருப்பதால், முகாமைத்துவ மாணவர் ஃபிக்ஹுல் முஆமலாத் படித்த ஒருவரைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. இந்த வசதி ஜயவர்தனபுரவில் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கணக்கீடு, வீட்டிலிருந்தும் செய்ய வாய்ப்புள்ள தொழில்களில் ஒன்று. ஆனால் பயிற்சிக் காலத்துக்குக் கொழும்பில் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். அதைப் பட்டம் முடிந்த பிறகல்ல, மூன்றாம் வருடத்திலேயே உறவினர்களிடம் பேசி ஒழுங்கு செய்யுங்கள்.