பிள்ளையின் கைபேசியில் ஒரு மந்திரக் கதை



இஷாவுக்குப் பின் பிள்ளை ஒரு மூலையில் ஒதுங்கி, கையடக்கத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் மனதில் முதலில் என்ன தோன்றும்? எனக்கும் அதுவே தோன்றியது. தரம் 8இல் படிக்கும் என் மகளின் கையிலிருந்து தொலைபேசியைச் சட்டென வாங்கிப் பார்த்தேன். படமில்லை, பாட்டில்லை, அரட்டையுமில்லை. வெறும் எழுத்துக்கள். ‘ஹரி பொட்டர்’ என்ற ஆங்கிலக் கதை.

“இது சூனியக் கதையல்லவா?” என்றேன்.

“நீங்க வாசிச்சீங்களா வாப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வாசிக்காத கிதாபுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று வகுப்பறையில் மாணவர்களுக்குச் சொல்பவனல்லவா நான்?

தடுப்பதற்குக் காரணம் தேடித்தான் முதலாம் பாகத்தைத் திறந்தேன். என் ஆங்கிலம் பாடசாலையோடு நின்றுபோன ஆங்கிலம். ஆனால் திரையில் விளங்காத சொல்லை விரலால் அழுத்தினால் அதன் பொருள் வந்து நிற்கிறது. எழுத்தையும் வேண்டியளவு பெரிதாக்கலாம். அதற்கும் மேலே மகள் துணைக்கு இருந்தாள். பக்கங்கள் நகர்ந்தன. அங்கே நான் முதலில் கண்டது சூனியத்தையல்ல, ஒரு யத்தீமை! தாய் தந்தையை இழந்து, பெரியம்மாவின் வீட்டில் மாடிப்படியின் கீழுள்ள அலுமாரியில் தூங்கும் சிறுவன். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புதுப் பொருட்கள், இவனுக்கு அவன் கழித்த பழைய உடைகள். யத்தீமை விரட்டுபவனைக் கண்டிக்கும் ஸூரத்துல் மாஊனை எத்தனையோ முறை விளக்கியவன் நான். அன்றிரவு தொலைபேசியை மகளிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சில நாட்களில் சமையலறையிலிருந்து மனைவியும், “அந்தப் பொடியனுக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இக்கதையை எழுதிய ஜே. கே. ரோலிங் ஒரு பிரித்தானியப் பெண்மணி. 1990இல் மன்செஸ்டரிலிருந்து லண்டனுக்குச் செல்லும் ரயிலில் இருந்தபோது இந்தக் கதை அவருக்குத் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் அவருடைய தாய் நோயினால் இறந்துபோனார். மகள் இப்படியொரு கதை எழுதுகிறாள் என்பது அத்தாய்க்குக் கடைசிவரை தெரியாது. பின்னர் கைக்குழந்தையுடன் தனித்து வாழ்ந்த காலத்தில், எடின்பரோ நகரத்துத் தேநீர்க் கடைகளில் அமர்ந்து எழுதினார். பல பதிப்பகங்கள் மறுத்த அந்த நூல் 1997 ஜூன் 26இல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மாத்திரமே. ஏழாவதும் இறுதியுமான பாகம் 2007 ஜூலை 21இல் வந்தபோது உலகமே காத்திருந்தது. குழந்தையைக் காக்கத் தன்னுயிரைக் கொடுத்த ஒரு தாயின் அன்பு ஏழு பாகங்களிலும் இழையோடுகிறது. தாயை இழந்த ஒருவர் எழுதியது என்பது வாசிக்கும்போதே தெரிகிறது.

ரோலிங் நீண்டகாலம் தன் கதையை மின்னூலாக வெளியிடச் சம்மதிக்கவில்லை. ஆனால் வாசகர்கள் பொறுக்கவில்லை. நூல்களைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுத்து இணையத்தில் பரப்பினார்கள். ஏழாம் பாகத்தின் பக்கங்கள் வெளியீட்டுக்கு முன்னரே படம்பிடிக்கப்பட்டுக் கசிந்தன. இறுதியில் 2012 மார்ச் 27இல், ‘பொட்டர்மோர்’ என்ற அவரது சொந்த இணையத்தளத்தின் ஊடாக ஏழு பாகங்களும் மின்னூல்களாக விற்பனைக்கு வந்தன. வாங்கியவரை இனங்காட்டும் மறைகுறி ஒன்றும் ஒவ்வொரு பிரதியிலும் பதிக்கப்பட்டது.

என் மகளிடம் இருந்தது தோழி அனுப்பிய திருட்டுப் பிரதி என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஒருவரின் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுப்பது, திரையில் நடந்தாலும் ஹக்கை மீறுவதுதானே? அதை அழித்துவிட்டுப் பணம் கொடுத்து வாங்கினோம். மகளுக்குப் பத்துப் பயான்கள் கற்பிக்காததை அந்த ஒரு செயல் கற்பித்தது.

சரி, சூனியம்? ஸிஹ்ர் பெரும்பாவம். அழிவில் தள்ளும் ஏழு பாவங்களில் ஒன்றாக அதை நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். ஸூரத்துல் பகராவின் 102ஆம் வசனம் அதன் தீங்கைப் பேசுகிறது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் கற்பனை என்பது வேறு. ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சிறகுள்ள குதிரையை அவர்கள் பிடுங்கி எறியவில்லை. விலங்குகள் பேசும் ‘கலீலா வதிம்னா’வை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். 

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கதையிலுள்ள மந்திரக்கோலுக்குப் பயப்படும் நம்மில் சிலர், மகளின் திருமணம் தாமதமானால் குறி சொல்பவரின் வாசலில் போய் நிற்கிறோம். ஈமானுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

எனினும் பிள்ளையைத் தனியே விட்டுவிடாதீர்கள். அச்சுப் புத்தகம் மேசையில் கிடந்தால் அதன் அட்டையை முழு வீடும் பார்க்கும். தொலைபேசிக்குள் இருக்கும் புத்தகத்துக்கு அட்டை தெரியாது. எது நடந்தாலும் நமக்குத் தெரியாது. ஆகவே கேளுங்கள். “எங்கே வந்திருக்கிறாய்? அந்தப் பிள்ளை செய்தது சரியா?” என்று பேச்சுக் கொடுங்கள். அக்கதையில் வரும் நத்தார்க் கொண்டாட்டம் நம்முடையதல்ல, அங்கே பிறவித் திறமையாகக் காட்டப்படும் மந்திரம் கற்பனை, உண்மையான ஸிஹ்ர் ஹராம், நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று இடையிடையே சொல்லுங்கள். அதான் சொன்னதும் திரை அணைய வேண்டும். தூங்கும் நேரத்துக்கு முன் தொலைபேசி உம்மாவின் கைக்கு வரவேண்டும். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்காதீர்கள். பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதுவே போதும்.

நாங்கள் ஏழாம் பாகத்தை முடித்த இரவு மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “வாப்பா, நம்ம ஊர் யத்தீம் பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் இருக்குமா?” என்று கேட்டாள். அன்று நான் தொலைபேசியைப் பிடுங்கியதோடு நிறுத்தியிருந்தால், இந்தக் கேள்வி என் வீட்டில் பிறந்திருக்குமா?

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அவர்களோடு அமர்ந்திருக்கும் பொறுமையை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக.