உங்களுக்குத் தெரியுமா? – திரைக்குப் பின்னால் ஒரு ஆய்வுக்கூடம்

● காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து 1905இல் நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் கோக், தொடக்கத்தில் சாதாரண நாட்டுப்புற டாக்டர். சுரங்க அதிகாரி ஒருவரின் 13 பிள்ளைகளில் ஒருவர்.

● கிட்டப்பார்வை அதிகம் என்பதால் ராணுவச் சேவைக்கு அவர் தேறவில்லை. ஆனால் 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், தாமாகவே முன்வந்து ராணுவ மருத்துவரானார். பிரான்சின் நெஃப்ஷாத்தோவில் டைபாய்டு நோயாளிகளுக்கான மருத்துவமனையிலும், பிறகு ஓர்லியான் அருகிலும் வேலை. குண்டடி பட்டவர்கள் ஒரு பக்கம், காய்ச்சலில் விழுந்தவர்கள் இன்னொரு பக்கம்.

● போர் முடியும்வரை அவரை விட்டுவைக்க, அதற்கு முன் அவர் வைத்தியம் பார்த்துவந்த ராக்விட்ஸ் ஊர்க்காரர்களுக்கு மனமில்லை. ‘எங்கள் டாக்டரைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று மனுப் போட்டார்கள். 1871இல் திரும்பிவிட்டார்.

● அடுத்த வருடமே வோல்ஷ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவர் வேலை கிடைத்தது. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. ஊசி போடுவது, பிணப் பரிசோதனை, ஊர்ச் சுகாதாரம், போதாததற்குச் சொந்த நோயாளிகள். இத்தனைக்கும் நடுவே, நோயாளிகளைப் பார்க்கும் அறையில் ஒரு திரையைக் கட்டி, அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். அங்கிருந்த மைக்ராஸ்கோப், மனைவி எம்மி கொடுத்த பிறந்தநாள் பரிசு என்று சொல்வார்கள்.

● அந்தப் பக்கத்து ஆடுமாடுகளை அப்போது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) வாரிக்கொண்டு போனது. செத்த கால்நடையின் ரத்தத்தை மரச்சிராயில் தொட்டு எலிகளுக்கு ஏற்றினார் கோக். கிருமியை உடம்புக்கு வெளியே வளர்க்க அவருக்கு வாய்த்தது மாட்டுக் கண்ணில் இருக்கும் நீர்! கிருமி வித்தாக மாறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதைக் கண்டார். ஒரே மேய்ச்சல் நிலத்தில் நோய் திரும்பத் திரும்ப வந்த மர்மம் அப்போதுதான் அவிழ்ந்தது. குறிப்பிட்ட ஒரு கிருமி குறிப்பிட்ட ஒரு நோயை உண்டாக்குகிறது என்பதற்கு அதுவரை இவ்வளவு முழுமையான சான்று கிடையாது.

● 1876இல் எலி, கண்ணாடித் தகடுகள் சகிதம் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குப் போய், பேராசிரியர் ஃபெர்டினாண்ட் கோன் முன்னால் மூன்று நாள் செய்து காட்டினார். பார்த்த இன்னொரு பேராசிரியர் கோன்ஹைம், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதைப் போய்ப் பார்க்கும்படி தம் உதவியாளர்களை விரட்டினாராம்.

● 1878இல் அவர் எழுதிய நூல், காயங்களில் சீழ் பிடிப்பதற்குக் காரணமான கிருமிகளைப் பற்றியது. போர்முனையைப் பார்த்து வந்தவர் அந்த விஷயத்தை எடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

● கிருமி வளர்க்க அகார் (கடற்பாசிக் கூழ்) பயன்படுத்தும் யோசனை, கோக்கின் உதவியாளர் வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனியுடையது. சமையலறையில் அவர் அறிந்திருந்த பொருள் அது. கோக்கின் 1882 கட்டுரையில் அகார் வருகிறது, ஃபேனியின் பெயர் வரவில்லை. நமக்குக் கோபம் வருகிறது!

● 1884இல் கல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரித்தெடுத்ததும், அங்கே ஒரு குளத்து நீரில் அதைக் கண்டதும் இவரே. ஆனால் இத்தாலியரான பாசினி 1854இலேயே அதைப் பார்த்து எழுதிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

● காசநோய்க்கு மருந்து என்று 1890இல் அவர் அறிவித்த டியூபர்குலின் படுதோல்வி. ஆனால் அதன் வழிவந்த பொருளைத்தான், காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மாண்டூ பரிசோதனைக்காக இன்றும் முன்கையில் ஏற்றுகிறார்கள்.

● காசநோய்க் கிருமியை அவர் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. உலகக் காசநோய் நாள் அதனால்தான் அன்று வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லையா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்.