அணுவும் பெண்ணும் – 9: தாய்மார்களைக் கேட்ட டாக்டர்

கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று கணக்குப் போட முதலில் ஓர் உடம்பு வேண்டும். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1975இல் அதை எழுதி வைத்தது. ஆண், வெள்ளையர். வயது 20 முதல் 30. எடை 70 கிலோ, உயரம் 170 செ.மீ. மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்கப் பழக்கவழக்கம். வசிக்கும் ஊரின் வெப்பம் 10 முதல் 20 டிகிரி. (நம் ஊரில் ஆண்கள்கூட இதில் தேற மாட்டார்கள்.) உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சு போகிறது என்ற கணக்குகள் பல்லாண்டு இவரை வைத்தே போடப்பட்டன.

இவர் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் வேறோர் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பிரிட்டனில் ரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் இறப்பது அதிகரித்த காலம் அது; காரணம் பிடிபடவில்லை. டாக்டர்கள் மறந்தது தாய்க்கு நினைவிருக்கலாம் என்று ஆலிஸ் நினைத்தார். கையிலிருந்த உதவித்தொகை வெறும் 1,000 பவுண்டு. அதைக் கொடுத்தது லேடி டாடா நினைவு அறக்கட்டளை. ரத்தப் புற்றுநோயில் இறந்த மெஹர்பாய் டாடாவின் பெயரில் அமைந்தது.

புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களிடமும், பிள்ளை நலமாக இருக்கும் தாய்மார்களிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் முதல் கூட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தார்கள். 1956இல் ‘லான்செட்’ இதழில் முதல் தகவல் வந்தது. 1958இல் முழு ஆய்வும் வெளியானது.

மருத்துவ உலகம் நம்பவில்லை. பிள்ளையை இழந்தவள் நடந்ததையெல்லாம் துருவித் துருவி நினைத்துப் பார்ப்பாள், மற்றவள் மறந்திருப்பாள், இதை எப்படி ஆதாரமாக எடுப்பது என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 1962இல் ஹார்வர்டின் பிரையன் மக்மேகன் யாருடைய நினைவையும் நம்பாமல் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய்ச் சாவு சுமார் 40 சதவீதம் கூடுதல். தாய்மார்கள் சொன்னது வீண்போகவில்லை. அதன் பிறகும் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது உடனே நின்றுவிடவில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

அணுசக்தித் துறைக்கும் இது கசந்தது. ஒரு எக்ஸ்ரே அளவே கருவுக்கு ஆபத்து என்றால், ‘குறைந்த அளவு பரவாயில்லை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆபத்து எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை: ஒரே அளவு கதிர்வீச்சுக்குப் பெண்களுக்குப் புற்றுநோய் ஆபத்து ஆண்களைவிட அதிகம், சிறுமிகளுக்கு இன்னும் அதிகம் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 2006இல் சொன்னது. மறு ஆண்டு சர்வதேச ஆணையம் ஆணோடு ஒரு பெண்ணையும் மாதிரி உடம்பாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துவிட்டு, இருவருக்கும் சராசரி எடுத்தது!

இதற்கெல்லாம் வெகு முன்பே, எக்ஸ்ரே ஆய்வுக்குப் பிறகு ஆலிஸ் கை வைத்தது ஹான்ஃபோர்டில். நாகசாகி குண்டுக்கு புளூட்டோனியம் தயாரித்த அந்த அமெரிக்க ஆலையின் தொழிலாளர் பதிவேடுகளைப் பார்க்கும்போது அவருக்கு எழுபது வயது. அங்கே கிளம்பிய சண்டை அடுத்த வாரம்.